கெங்குவார்பட்டிப் பாறையும் ஒரு புதிய கனிமம் பெயர் பெறும் வழியும்

உலகின் ஏதோ ஒரு மூலையில் புதிய கனிமம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, அதில் பெரும்பாலும் மூன்று விவரங்களே இருக்கும்: கனிமத்தின் பெயர், அது கிடைத்த இடம், அது எவ்வளவு அரியது என்பது. அந்தப் பெயரை வைக்கும் உரிமை யாருக்கு உண்டு, அது புதியதுதான் என்று யார் சரிபார்த்தார்கள், அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது என்பவை செய்திக்கு வெளியே நின்றுவிடுகின்றன. கண்டுபிடிப்பின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டி உட்பட, மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் பூமிக்கடியில் எந்தப் பெருநிகழ்வில் வெந்து உருமாறினவோ, அதே நிகழ்வைக் கண்ட இலங்கைப் பாறைகள் பல புதிய கனிமங்களை உலகுக்குத் தந்திருக்கின்றன. ஆகவே இந்த வழிமுறையை அறிந்துகொள்வது, நம் வட்டாரத்து வாசகர்களுக்குத் தங்கள் காலடியில் கிடப்பதைப் பார்க்கும் பயிற்சியாகவும் அமையும்.

முதலில் பாறைக்கும் கனிமத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையைப் பார்ப்பவருக்கு அது ஒரே கல்லாகத் தெரியும். அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால், மங்கிய கண்ணாடி போன்ற மணிகளும், வெண்மையும் இளஞ்சிவப்புமான துண்டுகளும், மினுங்கும் கருந்தகடுகளும் தனித்தனியே புலப்படும். முதலாவது குவார்ட்ஸ், ஊரில் இதை வெங்கச்சங்கல் என்பார்கள். இரண்டாவது ஃபெல்ட்ஸ்பார். மூன்றாவது பயோடைட், அதாவது காக்காப்பொன் வகையைச் சேர்ந்த கரிய மைக்கா. பாறை என்பது கதம்பம் என்றால் கனிமம் அதில் உள்ள ஒற்றைப் பூ. கொடைக்கானல் மலைத்தொடரின் பெரும்பகுதியை ஆக்கியிருக்கும் சார்னோக்கைட் ஒரு பாறையின் பெயர். அதற்குள் இருக்கும் பைராக்சீன், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவையே கனிமங்கள். புதிய பாறை வகைக்குப் பெயரிடுவதும் புதிய கனிமத்துக்குப் பெயரிடுவதும் வெவ்வேறு வேலைகள்; இரண்டாவதற்கு விதிகள் மிகக் கடுமையானவை.

ஒரு கனிமத்தை மற்றொன்றிலிருந்து பிரிப்பவை இரண்டு: அதன் வேதியியல் சேர்க்கை, அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. இவற்றில் ஒன்று மாறினாலும் கனிமம் வேறாகிவிடும். சிவகங்கைப் பகுதியில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டும், நகைக்கடையில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வைரமும் ஒரே கார்பன்தான். அடுக்கு முறை வேறானதால் ஒன்று விரலில் கரியாக ஒட்டுகிறது, மற்றொன்று கண்ணாடியை அறுக்கிறது. இதற்கு எதிரான நிலையை மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதியில் பார்க்கலாம். நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம், நீலம், பெரும்பாலும் மஞ்சள் புஷ்பராகம் என்று விற்கப்படும் கல் ஆகிய மூன்றும் மூன்று கோள்களுக்கு உரியவையாக வைக்கப்பட்டாலும், கனிமவியலில் அவை மூன்றும் கொரண்டம் என்ற ஒரே இனம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அதே படிகத்தில் குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நிறத்தை வைத்துப் புதிய கனிமம் என்று யாரும் உரிமை கோர முடியாது. கொரண்டம் என்ற பன்னாட்டுப் பெயரே தென்னிந்தியாவில் வழங்கிய குருந்தம், குருவிந்தம் என்ற சொற்களிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது.

மூன்றாவது நிபந்தனை ஒன்று உண்டு: அது இயற்கையில் உருவாகியிருக்க வேண்டும். இந்த நிபந்தனை எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு பிரிட்ஜ்மனைட் நல்ல சான்று. பூமியின் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ 38 விழுக்காடு இந்தப் பொருளால் ஆனது என்று மதிப்பிடப்படுகிறது. ஆழ்மூடகத்தின், அதாவது பூமியின் ஓட்டுக்கும் உட்கருவுக்கும் இடையிலுள்ள அடுக்கின் கீழ்ப்பகுதியின், பெரும்பகுதி அதுவே. ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்திருந்தார்கள். நிலநடுக்க அலைகளைக் கொண்டு அதன் இருப்பையும் உறுதிப்படுத்தியிருந்தார்கள். ஆனால் மேற்பரப்புக்கு வரும் வழியிலேயே அது அமைப்பு மாறிவிடுவதால், கையில் பிடித்துக் காட்ட ஒரு துகள்கூட இல்லாமல், பல பத்தாண்டுகள் கனிமப் பெயரின்றியே இருந்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில், மோதலின் அதிர்ச்சியால் உருவான நுண்துகளாக அது பிடிபட்ட பிறகே, 2014-இல் உயர் அழுத்த இயற்பியலின் முன்னோடி பெர்சி பிரிட்ஜ்மனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பூமியில் மிக அதிகமாக உள்ள கனிமம் மிகத் தாமதமாகப் பெயர் பெற்றவற்றுள் ஒன்று என்பது, ‘அரிய’ என்ற அடைமொழியை நாம் எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

பெயரிடும் அதிகாரம் பன்னாட்டுக் கனிமவியல் கழகத்திடம் இருக்கிறது. 1958-இல் தொடங்கப்பட்ட இக்கழகம், மறு ஆண்டே புதிய கனிமங்களுக்கும் பெயர்களுக்குமான ஆணையத்தை அமைத்தது. அதற்கு முன்பு, ஓர் ஆய்வாளர் தான் கண்டதை ஓர் இதழில் எழுதிப் பெயரிட்டுவிட்டால் அது புழக்கத்துக்கு வந்துவிடும். ஒரே கனிமத்துக்கு மூன்று நான்கு பெயர்கள், ஒரே பெயரில் இரண்டு கனிமங்கள், கனிமமே அல்லாத கலவைக்கு ஒரு பெயர் என்று குழப்பம் மலிந்திருந்தது. இன்று ஒப்புதல் பெற்ற கனிம இனங்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன; ஆண்டுக்கு ஏறத்தாழ 100 புதியவை சேருகின்றன.

கண்டுபிடிப்பு பெரும்பாலும் மலையில் நடப்பதில்லை. ஆய்வகத்து நுண்ணோக்கியின் கீழ்தான் நடக்கிறது. பாறைத் துண்டை வைர விளிம்புள்ள ரம்பத்தால் மெல்லிய வில்லையாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்வரை தேய்ப்பார்கள். அந்தக் கனத்தில் கருங்கல்லும் ஒளியைக் கடத்தும். முனைவாக்கிய, அதாவது ஒரே தளத்தில் அதிரும், ஒளியில் ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய நிறங்களைக் காட்ட, பழகிய கண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் முகம் தெரிந்தவையாகத் தோன்றும். எந்த முகத்தோடும் ஒத்துப்போகாத ஒரு துகள் அங்கே தென்படுவதுதான் தொடக்கம். அதன் பிறகு எலக்ட்ரான் கற்றையால் துகளின் சேர்க்கை அளக்கப்படும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவால் அணுக்களின் அடுக்கு முறை கணிக்கப்படும். அடர்த்தி, கடினத்தன்மை, ஒளிவிலகல் எண், பிளவுறும் தன்மை ஆகியவை இயன்றவரை பதிவாகும். துகள் சில மைக்ரோமீட்டர் அளவே இருந்தால் இவற்றில் பலவற்றை நேரடியாக அளக்க இயலாது. கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். துகளுக்குச் சேதமில்லாமல் அடையாளம் காண இன்று உலகெங்கும் பயன்படும் வழிகளில் ஒன்று, திருச்சியில் பிறந்த சி.வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்டது. இராமன் தம் பிற்காலத்தில் வைரம், லாப்ரடோரைட் போன்ற கற்களின் ஒளியியலில் நீண்ட காலம் தோய்ந்திருந்தவர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இத்தனையும் திரண்ட பின்னர் விண்ணப்பம் ஆணையத்துக்குப் போகும். ஆணையத்தில் பல நாடுகளின் பிரதிநிதிகள் வாக்களிப்பார்கள். கனிமம் புதியது என்று ஏற்க, பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கனிமத்துக்கும் பெயருக்கும் தனித்தனி வாக்கு. கனிமம் ஏற்கப்பட்டுப் பெயர் மறுக்கப்படவும் கூடும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் அடையாள எண் உண்டு. ஒப்புதல் வரும்வரை முன்மொழிந்த பெயரை வெளியிடக் கூடாது. ஒப்புதலுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் முழு விவரத்தை ஆய்விதழில் வெளியிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதும் விதி வேறொன்று: ஆய்வுக்கு எடுத்த அதே கல், மூல மாதிரி என்ற தகுதியோடு, எவரும் பின்னாளில் அணுகக்கூடிய ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட வேண்டும். நாளை வேறொருவர் ஐயப்பட்டால், அந்தக் கல்லையே மீண்டும் எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்த விதி ஏன் தேவை என்பதை இந்தியாவின் பழைய கனிமப் பெயர்களே காட்டுகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய இந்தியாவின் மாங்கனீசுத் தாதுக்களை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் லீ ஃபெர்மர் விரிவாக ஆராய்ந்து, பல புதிய பெயர்களை முன்வைத்தார். சிந்த்வாரா மாவட்டத்து ஊரின் பெயரால் அவர் வைத்த சீதாபரைட், முன்பே பெயர் பெற்றிருந்த பிக்ஸ்பைட்டுதான் என்று பின்னர் தெரிந்தது. விரெடன்பர்கைட் என்று அவர் பெயரிட்டது இரண்டு கனிமங்களின் நுண்கலவை. அதே ஃபெர்மர் 1906-இல் ஜாபுவா மாவட்டத்துக் கஜ்லிடோங்ரியிலிருந்து விவரித்த ஹாலண்டைட் இன்றும் நிலைத்திருக்கிறது. பேரியமும் மாங்கனீசும் கொண்ட அதன் குழாய் வடிவ அணு அமைப்பு, ஒரு பெரிய கனிமக் குடும்பத்துக்கே முன்மாதிரி. அந்தப் பெயருக்கு உரிய தாமஸ் ஹாலண்ட், சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்து, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் அதே வகைதான் என்று கண்டு, அதற்கு சார்னோக்கைட் என்று பெயரிட்டவர். தமிழ்நாட்டுப் பெயர்க் கதை ஒன்றும் உண்டு: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட தமிழ்ச் சமவெளியிலிருந்து கொரண்டத்தோடு சேர்ந்து ஐரோப்பா சென்ற ஒரு வெண்ணிறக் கனிமத்துக்கு, பிரெஞ்சுக் கனிமவியலாளர் கவுண்ட் டி பூர்னோன் இண்டியனைட் என்று பெயரிட்டார். அது அனார்த்தைட் என்ற ஃபெல்ட்ஸ்பார் இனமே என்று தெளிவானதும் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. பெயர் போனதில் வருந்த ஒன்றுமில்லை. கல் மிஞ்சியதால்தான் உண்மை தெரிந்தது.

பெயர்கள் பொதுவாகக் கிடைத்த இடத்தாலோ, சேர்க்கையாலோ, தோற்றத்தாலோ, ஒருவரைச் சிறப்பிக்கும் நோக்கிலோ அமையும். கண்டவர் தம் பெயரையே வைத்துக்கொள்ள இயலாது. உயிரோடிருப்பவரின் பெயரை வைப்பதானால் அவரது இசைவு வேண்டும். அப்போலோ 11 கொண்டுவந்த நிலாப் பாறையில் கிடைத்த கனிமத்துக்கு ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரின் பெயர் முதலெழுத்துகளையும் சேர்த்து ஆர்மல்கோலைட் என்று 1970-இல் பெயரிட்டார்கள். அது பின்னர் பூமியிலும் கிடைத்தது. வணிகர்கள் வைக்கும் பெயர்கள் இந்தக் கணக்கில் சேராதவை. தான்சனைட் என்று நகைக்கடைகளில் விற்கப்படும் நீலக்கல், ஆணையத்தின் பட்டியலில் சோய்சைட் என்ற பழைய கனிமமே.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகளில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது சோமாலியாவின் எல் அலி விண்கல். ஏறத்தாழ 15 டன் எடையுள்ள அந்த இரும்புக் கல்லை அங்கே கால்நடை மேய்ப்பவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். வெளியுலகம் அதை விண்கல் என்று உணர்ந்தது 2020-ஐ ஒட்டித்தான். அதிலிருந்து வெட்டிய 70 கிராம் வில்லை ஒன்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அங்கே இரண்டு புதிய கனிமங்கள் இனங்காணப்பட்டன. ஒன்றுக்கு ஊரின் பெயரால் எலாலியைட். அதன் பதிவு எண் 2022-087. மற்றொன்றுக்குக் கோள்களின் உட்கருவை ஆராயும் லிண்டி எல்கின்ஸ்-டான்டனின் பெயரால் எல்கின்ஸ்டான்டனைட். இவ்விரு பொருள்களையும் ஆய்வகத்தில் முன்பே செயற்கையாகச் செய்திருந்ததால், சேர்க்கையை ஒப்பிட்டு முதல் நாளிலேயே அடையாளம் காண முடிந்தது. ஆனால் தாய்க்கல் விற்பனைக்காகச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது. ஊரார் காலங்காலமாகப் பார்த்து வந்த கல்லைப் பற்றி இனி ஆராய, அறிவியலுக்கு உறுதியாக எஞ்சியிருப்பது ஒரு சிறு வில்லை. ஊர்ப் பெயர் உலகப் பட்டியலில் ஏறியது. ஊர்க் கல் ஊரில் இல்லை. இதைக் கனிமவியலின் வெற்றி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

பாக் நீரிணைக்கு அப்பால்

இலங்கையின் கனிம வரலாற்றில் தமிழ் வாசகர்கள் உரிமையோடு நினைக்க வேண்டிய பெயர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகவே நாம் அவரை அறிவோம். கொழும்பில் 1877-இல், தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்குப் பிறந்த அவர், லண்டனில் நிலவியல் பயின்று, இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். 1903-இல் அவரும் ஜி.டி. பிரயரும் இணைந்து செரண்டிபைட் என்ற புதிய கனிமத்தை விவரித்தார்கள். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப் அதன் மூலம். அடுத்த ஆண்டு, பலாங்கொடைப் பகுதி மணிக்கற் சரளையிலிருந்து கனத்த கருங்கனசதுரங்களை அவர் எடுத்தார். முதலில் யுரேனினைட் என்று எண்ணப்பட்ட அவை, லண்டனில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஆக்சைடால் ஆனவை என்று தெரிய, விந்தம் டன்ஸ்டன் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில் தோரியத்தின் மதிப்பு விளக்கில் இருந்தது: நம் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலை வெண்மையாக ஒளிரச் செய்தது அதன் ஆக்சைடே. நிலவியல் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியபோதுதான் இலங்கைக் கைவினைஞர்களின் வாழ்வு அழிந்து வருவதைக் குமாரசுவாமி நேரில் கண்டார் என்பதால், அவரது இரண்டு வாழ்க்கைகளையும் பிரித்துப் பார்ப்பது சரியாகாது.

அதே சரளையிலிருந்து வந்த வேறு இரண்டு கற்கள் வேறு வகையில் பாடம் சொல்கின்றன. பழுப்பு ஒலிவின் என்ற சீட்டோடு அருங்காட்சியகங்களிலும் மணிக்கல் சேகரங்களிலும் நெடுங்காலம் இருந்த கற்களை எக்ஸ்-கதிரால் பார்த்தபோது, அவை மக்னீசியம், அலுமினியம், போரான் சேர்ந்த முற்றிலும் வேறான கனிமம் என்று தெரிந்தது. 1952-இல் அதற்குச் சிங்களைட் என்ற பெயர் வந்தது. தாஃபைட்டின் கதை இன்னும் நுட்பமானது. டப்ளின் நகரில் 1945-இல் ரிச்சர்ட் தாஃப் என்ற மணிக்கல் வல்லுநர், நகைக்கடைக்காரர் ஒருவரிடம் பழைய நகைகளிலிருந்து கழற்றிய கற்களை வாங்கினார். அவற்றில் ஸ்பைனல் என்று கருதப்பட்ட ஓர் இளம் ஊதாக் கல்லை உருப்பெருக்கியில் பார்த்தபோது, பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பைனலில் அப்படித் தெரிய இயலாது. ஒளி இரண்டாகப் பிரிகிறது என்றால் படிக அமைப்பு வேறு. ஒன்றரை கேரட்டுக்கும் குறைவான அந்தக் கல்லில் ஒரு துளியை இழந்து பகுத்துப் பார்த்த பின், 1951-இல் அது புதிய கனிமம் என்று அறிவிக்கப்பட்டது. பட்டை தீட்டப்பட்ட நிலையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட கனிமம் அதுவே. அந்த இனம் பின்னர் இலங்கையின் மணிக்கற் சரளையில் கிடைத்தது. எத்தனை கைகளைக் கடந்து, எத்தனை கண்களுக்குத் தப்பி அந்தக் கல் டப்ளினை அடைந்திருக்கும்! விளிம்பு இரண்டாகத் தெரிகிறதே என்று நின்று பார்த்தது ஒருவர் மட்டுமே.

மதுரை நிலத்தின் வெப்பம்

நிலவியலாளர்கள் மதுரைக் கட்டகம் என்று குறிப்பிடும் நிலப்பகுதி, வடக்கே பாலக்காடு–காவிரி பிளவு மண்டலத்துக்கும் தெற்கே அச்சன்கோவில் பிளவு மண்டலத்துக்கும் இடையே விரிந்துள்ளது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இந்தக் கட்டகமும் இலங்கையின் நடுமலைப் பகுதியும் மடகாஸ்கரும் அருகருகே இருந்தன. அந்த மோதலில் இவை பூமியோட்டின் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறின. மிகை வெப்ப உருமாற்றம் என்று இதற்குப் பெயர். பூமியோட்டுக்குள் இவ்வளவு வெப்பம் ஏறுவது உலகில் சில இடங்களில்தான் பதிவாகியிருக்கிறது. அவற்றில் நம் இடம் நன்கு அறியப்பட்ட ஒன்று.

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கும் கெங்குவார்பட்டி, இந்தத் துறையில் உலகறிந்த பெயர். தேனி மாவட்டத்து வாசகர்களில் பலருக்கே இது புதிய செய்தியாக இருக்கலாம். அங்கே கிடைக்கும் பாறைகளில் சஃபிரின் என்ற நீலச் சாயல் கொண்ட கனிமம் இருக்கிறது. மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த, சிலிக்கா குறைந்த பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறும்போதே அது உருவாகும். ஒரு பாறைக்குள் சஃபிரினும் குவார்ட்சும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பாறை எவ்வளவு வெப்பத்தைக் கண்டது என்பதற்கு அதுவே சாட்சி. தேனியும் திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், 1949-இல், டி.என். முத்துசுவாமி மதுரை மாவட்டத்துச் சஃபிரின் குறித்து ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். பழனி வட்டாரத்துக் கீரனூரிலும் அது பின்னர் விரிவாக ஆராயப்பட்டது. சஃபிரின் முதன்முதலில் விவரிக்கப்பட்டது கிரீன்லாந்தின் ஃபிஸ்கெனேசெட்டில், 1819-இல்.

அதே கிரீன்லாந்து ஊரிலிருந்து 1884-இல் பெயர் பெற்ற மற்றொரு கனிமம் கோர்னெருபின். ஆண்ட்ரியாஸ் கோர்னெருப் என்ற டேனிஷ் நிலவியலாளரின் நினைவாக அந்தப் பெயர். போரானை உள்ளே ஏற்கும் இந்தக் கனிமம் தமிழ்நாட்டின் எல்லம்மன்கோவில்பட்டியில் கிடைத்ததை 1965-இல் பதிவு செய்தார்கள். போரான் மிகுந்தது தனி இனமாகப் பிரிஸ்மட்டைன் என்ற பழைய பெயரோடு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது 1996-இல். அந்தப் பிரிப்பை முன்னின்று செய்தவர் எட்வர்ட் குரூ. தென்னிந்தியச் சார்னோக்கைட் பகுதிகளின் சஃபிரின், கோர்னெருபின் குறித்து 1982-இல் நீண்ட ஆய்வை வெளியிட்டவரும் அவரே. அவரைச் சிறப்பிக்க, காகசஸ் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு எட்குரூவைட் என்ற பெயர் வைக்கப்பட்டது. நம் மலையடிவாரத்துப் பாறைகளைக் கூர்ந்து பார்த்த ஒருவரின் பெயர் உருசிய மலையின் கனிமத்தில் வாழ்கிறது.

போரான் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். பாறை கடுமையாகச் சூடேறும்போது நீரும், அதில் கரையும் போரான் போன்ற தனிமங்களும் பொதுவாக வெளியேறிவிடும். அப்படி வெளியேறாமல் ஏதோ ஒரு பையில் அவை தங்கிவிட்ட இடங்களில்தான் செரண்டிபைட், சிங்களைட், கோர்னெருபின் போன்ற அசாதாரணக் கனிமங்கள் உருவாகின்றன. இலங்கையின் புதிய கனிமங்களுக்கு அடிப்படையான இந்த வேதியியல் நிலைமை, கோர்னெருபின் கிடைத்த தமிழ்நாட்டுப் பாறைகளிலும் இருந்திருக்கிறது. மதுரை வட்டாரத்தில் தேட வேண்டிய இடம் எது என்று ஒரு மாணவர் கேட்டால், உருமாற்றத்தின் வெப்பம் மிகுந்த பகுதிகளில், அலுமினியமும் மக்னீசியமும் மிகுந்த சிறு பட்டைகளையும், சுண்ணாம்புப் பாறையும் கிரானைட்டும் ஒட்டும் விளிம்புகளையும்தான் காட்டுவேன். அரிய கனிமங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட எல்லைகளில், கை அகலப் பரப்புக்குள் அடங்கிவிடும். இதுவரை அறியப்பட்ட கனிமங்களில் பாதிக்கு மேற்பட்டவை உலகம் முழுவதும் ஐந்து அல்லது அதற்கும் குறைவான இடங்களிலேயே கிடைத்திருக்கின்றன. மியன்மாரின் மோகோக் பகுதியில் கிடைத்த கியாத்துவைட்டுக்கு, 1.61 கேரட் எடையுள்ள ஒரே ஒரு கல்தான் சான்று.

இந்த அளவுகள் மதுரை மக்களுக்கு ஒரு தனிச் செய்தியைத் தருகின்றன. கனிமம் என்ற சொல் மேலூர் வட்டாரத்தில் இன்று அச்சத்தோடு ஒலிக்கிறது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தபோது, 2,015 எக்டேர் பரப்புக்குள், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் அடங்கியிருந்தது. தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகள் அவை. ஊர்கள் திரண்டு எதிர்த்தன. சட்டப்பேரவை டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. டங்ஸ்டனின் முக்கியத் தாதுக்களில் ஒன்று ஷீலைட்: கால்சியமும் டங்ஸ்டனும் ஆக்சிஜனும் சேர்ந்தது, புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் நீலவெண்மையாக ஒளிர்வது, அதிலிருந்து டங்ஸ்டிக் அமிலத்தை 1781-இல் பிரித்தெடுத்த சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலின் பெயரைத் தாங்குவது. தாதுவாக அதைத் தேடுவோருக்கு மலையே வேண்டும். இனமாக ஒரு கனிமத்தைத் தேடுவோருக்குக் கையடக்கமான ஒரு துண்டு போதும். அதிலும் பெரும்பகுதி அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். இந்த இரண்டு தேடல்களையும் மக்கள் ஒன்றாக எண்ணி, கல்லைப் பார்க்க வரும் மாணவரையும் சந்தேகிக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பது என் கவலை. அதேபோல, கல்வெட்டும் படுக்கையும் உள்ள பாறையில் சுத்தியலை வைக்க எந்த ஆய்வும் காரணமாகாது என்பதை மாணவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மாதிரிக்கு மலையைத் தொட வேண்டிய தேவையும் இல்லை. மேலூர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் பக்கத்துக் குவாரிகளில், இயற்கையாக வெளிவர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் புதுப் பாறைமுகங்கள் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன. நிறம் சீராக இல்லாத, பட்டை விழுந்த, கருந்திட்டு உள்ள கற்களை ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். அவை ஜல்லி கிரஷருக்குப் போகும். கனிமவியல் கண்ணுக்கு அந்தக் கழிவுக் கல்லே முதல் தரம். சீரற்ற அந்தத் திட்டுகளில்தான் வேதியியல் மாறியிருக்கிறது. கிரஷருக்குப் போகும் முன் அதில் ஒரு துண்டைப் பிரித்து வைக்க, வெட்டும் தொழிலாளிக்கும் மேஸ்திரிக்கும் கல்லூரி நிலவியல் துறைக்கும் இடையே ஓர் ஏற்பாடு இருந்தால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை. எந்தக் கல் வழக்கமானது, எது இதுவரை பாராதது என்பதை அன்றாடம் அந்தப் பாறையை உளியால் பிளப்பவர் முதலில் அறிவார்.

எடுத்து வைக்கும் ஒவ்வொரு துண்டோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: ஊர், குவாரியின் சர்வே எண், செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நாள், எந்தப் பாறைமுகத்தில் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, பக்கத்தில் என்ன பாறை இருந்தது. சீட்டு இல்லாத கல் அழகாக இருக்கலாம். ஆனால் அது கிடைத்த இடம் என்று எதையும் சுட்ட முடியாததால், ஆணையத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் அங்கேயே வலுவிழந்துவிடும்.